வேலைக்கு வந்த பெண்: ஏஞ்சலா லான்ஸ்பரி

1942. கனடாவின் மான்ட்ரியால் நகரில் சமோவார் என்றொரு இரவு விடுதி. அங்கே ஓர் இளம்பெண், ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் நகைச்சுவைப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். தனக்கு வயது 19 என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தார். உண்மையான வயது 16. வாரத்துக்கு 60 டாலர் சம்பளம். அப்பா உயிரோடு இல்லை. அம்மாவுக்கு நிலையான வருமானம் இல்லை. பன்னிரண்டு வயதில் இரட்டைத் தம்பிகள் இருவர். அந்த 60 டாலர் வீட்டுக்குத் தேவைப்பட்டது.

ஏஞ்சலா லான்ஸ்பரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் எவ்வளவு காலம் நடித்தார் என்பதிலிருந்து தொடங்குவார்கள். நியாயம்தான். 1944இல் திரைக்கு வந்தவர், 2022 அக்டோபரில் இறக்கும்வரை கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் ஏதாவது ஒன்றில் நடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு. நட்சத்திரமாக வேண்டும் என்ற கனவோடு வந்த பெண்ணாக அவர் எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு வந்தவராகத் தெரிகிறார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக நடிக்க வந்து, அந்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்து, பிற்காலத்தில் கையில் அதிகாரம் வந்தபோது பழைய சக தொழிலாளிகளை மறக்காமல் இருந்தவர். அவருடைய நடிப்பை இப்படிப் பார்த்தால்தான் எனக்குப் பல விஷயங்கள் பிடிபட்டன.

இதற்கு அவருடைய குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தலைவராக 1932 முதல் 1935 வரை இருந்தவர். அதற்கு முன்பே லண்டன் கிழக்குப் பகுதியில் அவர் பெயர் பிரபலம். 1921இல் பாப்லர் நகரசபை ஒரு போராட்டத்தில் இறங்கியது. வேலையில்லாதவர்கள் நிறைந்த ஏழைப் பகுதி அது. அவர்களுக்கான உதவித்தொகை முழுவதையும் அந்தப் பகுதி மக்களே வரியாகக் கட்ட வேண்டும். பணக்காரப் பகுதிகளுக்கு அந்தச் சுமையே இல்லை. அதனால் லண்டன் மாநகரத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கைக் கட்ட மாட்டோம் என்று பாப்லர் மறுத்தது. முப்பது உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், பெண்கள் ஹாலோவே சிறையில். நகரசபைக் கூட்டத்தையே சிறைக்குள் நடத்தினார்கள். பெண் உறுப்பினர்களை வண்டியில் ஏற்றி அங்கே கூட்டி வந்தார்கள். ஆறு வாரத்தில் அரசு இறங்கி வந்து விடுதலை செய்தது. சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வந்தது. சிறைக்குப் போனவர்களில் ஜார்ஜும் ஒருவர், அவருடைய மகன் எட்கரும் ஒருவர். அந்த எட்கர்தான் ஏஞ்சலாவின் அப்பா. பிறகு பாப்லரின் மேயராகவும் இருந்தார்.

அம்மா மொய்னா மக்கில், பெல்ஃபாஸ்டில் பிறந்த நாடக நடிகை. ஆக அரசியல் மேடை ஒரு பக்கம், நாடக மேடை ஒரு பக்கம். 1925 அக்டோபர் 16 அன்று லண்டனில் பிறந்த ஏஞ்சலா இரண்டையும் பார்த்தே வளர்ந்தார். அவருடைய ஒன்பது வயதில் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். தன் வாழ்க்கையைத் தீர்மானித்த நிகழ்ச்சி அதுதான் என்று ஏஞ்சலா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1940இல் லண்டன்மேல் ஜெர்மானியக் குண்டுகள் விழப்போகின்றன என்ற நிலையில், அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு கப்பலில் அகதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மொய்னா ஏற்றார். அந்தப் பொறுப்பின் பேரில் ஏஞ்சலாவையும் இரட்டைப் பையன்களையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மான்ட்ரியாலில் இறங்கி நியூயார்க் போனார்கள். அங்கே அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற நாடக அமைப்பின் உதவித்தொகையில் ஏஞ்சலா நடிப்புப் பள்ளியில் படித்தார். (பிற்காலத்தில் அமெரிக்க நாடகத் துறைக்கான டோனி விருதுகளைத் தொடங்கியதும் இதே அமைப்புதான். அகதியாக வந்த பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு அவர்கள் போட்ட பணம் வீண்போகவில்லை.) படிப்பு முடிந்த கையோடுதான் அந்த இரவு விடுதி வேலை.

அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ். அம்மாவுக்கு ஹாலிவுட்டில் வாய்ப்புக் கிடைக்கும் என்று போனார்கள், கிடைக்கவில்லை. தாயும் மகளும் புல்லக்ஸ் வில்ஷயர் என்ற பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஏஞ்சலாவுக்கு வாரம் 28 டாலர். அங்கே இருக்கும்போதுதான் எம்ஜிஎம் என்ற பட நிறுவனத்தில் ஒரு பணிப்பெண் வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. ஜார்ஜ் குக்கர் இயக்கிய ‘கேஸ்லைட்’. இங்க்ரிட் பெர்க்மன் நாயகி. தன் புத்தி தடுமாறுகிறது என்று கணவனால் நம்பவைக்கப்படும் மனைவி அவர். அந்த வீட்டில் எஜமானியை ஏளனமாகப் பார்க்கும் வேலைக்காரி நான்சி வேடம் ஏஞ்சலாவுக்கு. ஏழாண்டு ஒப்பந்தம், வாரம் 500 டாலர். படப்பிடிப்பின்போதுதான் அவருக்கு 18 வயது நிறைந்தது.

நான்சியைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் படம் என்று சொன்னால் நம்ப முடியாது. தட்டை வைப்பதிலும், கதவருகே ஒரு நொடி கூடுதலாக நிற்பதிலும், எஜமானரிடம் பேசும்போது மட்டும் குரலில் ஏறும் குழைவிலும் அந்தப் பெண்ணின் கணக்கு முழுதும் தெரிந்துவிடுகிறது. அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மறு ஆண்டே ‘த பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ படத்துக்கு இன்னொரு பரிந்துரை. இருபது வயதில் இரண்டு பரிந்துரைகள். இதற்கு மேல் நாயகியாகப் பெரிய உயரத்துக்குப் போயிருக்க வேண்டும், இல்லையா?

போகவில்லை. எம்ஜிஎம்முக்கு அவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர்கள் வைத்திருந்த அழகிய நாயகி என்ற அச்சில் அந்த முகம் பொருந்தவில்லை. நடிப்போ நன்றாக வருகிறது. அதனால் வயது கூடிய பெண்கள், கொடுமைக்காரிகள், நாயகனை நாயகியிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறவர்கள் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 22 வயதில் ஒரு படத்தில் பத்திரிகை முதலாளி. தன்னைவிட இருபது வயது மூத்த பெண். அவர் வாங்கினார், செய்தார். மாதம் பிறந்தால் வாடகை, தம்பிகள் படிப்பு.

இந்த வயது விஷயம் அவரை நீண்ட காலம் விடவில்லை. 1961இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மாவாக நடித்தார். எல்விஸைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். மேடையிலும் இதே கதை. 1960இல் நியூயார்க்கின் நாடகப் பகுதியான பிராட்வேயில் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ நாடகத்தில் ஜோன் பிளோரைட்டுக்கு அம்மா. இருவருக்கும் நான்கே வயது வித்தியாசம். 1962இல் ‘த மஞ்சூரியன் கேண்டிடேட்’ படத்தில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மா. மகனாக நடித்தவருக்கு இவரைவிட மூன்று வயதுதான் குறைவு. முப்பதைத் தாண்டிய நடிகையைச் சட்டென்று அம்மாவாக்கிவிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர் அந்த அம்மாவை என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

‘மஞ்சூரியன் கேண்டிடேட்’டின் திருமதி ஐஸ்லினுக்கு மகன் ஓர் ஆயுதம். கணவன் ஒரு பொம்மை. நாட்டின் அதிகாரத்தைப் பிடிக்கப் பெற்ற மகனையே பலியிடத் துணிந்தவர். இதை நடிக்கும் பலர் கண்ணை உருட்டுவார்கள், குரலை உயர்த்துவார்கள். லான்ஸ்பரி ஒரு குடும்பத் தலைவி வீட்டு வேலைகளை ஒழுங்குபடுத்துவதுபோல் இதைச் செய்கிறார். திட்டத்தை விளக்கும் அந்த நீண்ட பேச்சில் எங்கேயும் அவசரமில்லை. பெரிய வேலை இருக்கிறது, செய்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 36 வயதில் அப்படி ஒரு தாயை நடிக்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? மூன்றாவது ஆஸ்கர் பரிந்துரை இந்த வேடத்துக்கு. விருது வரவில்லை.

சரி, மேடைக்கு வருவோம். அவருடைய உண்மையான வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

பாடகியாக அவருக்குக் கிடைத்த முதல் பிராட்வே வேடமே தோல்வி. 1964இல் ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்த ‘எனிவன் கேன் விசில்’ ஒன்பதே காட்சிகளில் மூடப்பட்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தார்கள். ‘மேம்’ என்ற இசை நாடகத்துக்கு ஆள் தேடியபோது, ஜெர்ரி ஹெர்மனின் இசையைப் பாடிக்காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தயாரிப்பாளர்களின் மனதில் அவர் முதல் பெயராக இல்லை. திரும்பத் திரும்ப வரச்சொன்னார்கள், பாடச்சொன்னார்கள், முடிவைச் சொல்லாமல் இழுத்தார்கள். கடைசியில் அவரே கேட்டுவிட்டார்: சரியா இல்லையா, இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்ற தொனியில். சரி என்றார்கள்.

1966 மே 24 அன்று விண்டர் கார்டன் அரங்கில் ‘மேம்’ அரங்கேறியது. நாற்பது வயதுப் பெண் மின்னும் உடையில் படிக்கட்டில் இறங்கி வருகிறார், பாடுகிறார், ஆடுகிறார், சபையைக் கையில் வைத்துக்கொள்கிறார். இருபது ஆண்டுகளாகத் திரையில் அடுத்தவர் குடும்பத்தைக் கெடுக்கிறவராகவும் வயதான தாயாகவும் பார்த்த முகம் இது. முதல் டோனி விருது. அந்த நாடகம் மொத்தம் 1,508 காட்சிகள் ஓடியது. 1969இல் ‘டியர் வேர்ல்ட்’டுக்கு இரண்டாவது டோனி. ஆனால் ‘மேம்’ படமாக வந்தபோது, 1974இல், அந்த வேடத்தை லூசில் பாலுக்குக் கொடுத்தார்கள். அது பெரிய ஏமாற்றம் என்பதை அவர் மறைக்கவில்லை. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. யாருடைய உடலில் ஒரு வேடம் பிறந்ததோ அவரை விட்டுவிட்டு, விற்கும் பெயரைத் தேடிப் போகும் பழக்கம் திரைத்துறையில் எந்த ஊரிலும் மாறவில்லை.

1970 அவருடைய வாழ்க்கையின் கடினமான ஆண்டு. புகழின் உச்சியில் இருந்தபோது பிள்ளைகள் இருவரும் போதைப்பழக்கத்தில் விழுந்திருந்தார்கள். மகன் ஹெராயின் வரை போயிருந்தான். மகள் பழகிய கூட்டம், கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சனைச் சுற்றியிருந்த கூட்டம். அந்த ஆண்டு மாலிபு பகுதியில் பரவிய தீயில் அவர்களின் வீடு எரிந்து போனது. லான்ஸ்பரியும் கணவர் பீட்டர் ஷாவும் ஒரு முடிவெடுத்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்குப் போனார்கள். அம்மாவின் தேசம் அது. அவர் வேலையைக் குறைத்துக்கொண்டு சமைத்தார், தோட்டம் போட்டார், பிள்ளைகளோடு இருந்தார். பிள்ளைகள் மீண்டார்கள். இதை ஒரு தியாகக் கதையாக அவர் எங்கும் சொன்னதில்லை. தவறான இடத்தில் குழந்தைகளை வளர்த்துவிட்டோம், இடத்தை மாற்றினோம் என்பதுபோல்தான் சொல்வார். நடிகை என்பது அவருக்குச் செய்யும் வேலை. வீட்டுக்கு ஒன்று என்றால் அந்த வேலையை நிறுத்தவும் தெரிந்திருந்தது.

பிறகு வந்த வேடம் ‘ஜிப்சி’யின் ரோஸ். 1973இல் லண்டனில், மறு ஆண்டு பிராட்வேயில். பிள்ளைகளை மேடைக்குத் தள்ளித் தள்ளி, அவர்களின் வாழ்க்கையைத் தன் ஆசையால் நிரப்பிவிடும் தாய். கடைசியில் காலியான மேடையில் தனக்காகவே பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஆர்தர் லாரன்ட்ஸின் இயக்கத்தில் லான்ஸ்பரி அதைப் பாடி முடித்ததும் அரங்கம் கைதட்டும். அவர் தலைவணங்குவார். கைதட்டல் அடங்கும். அவர் இன்னும் வணங்கிக்கொண்டிருப்பார். சத்தமே இல்லாத அரங்கில் வலப்பக்கம் ஒரு வணக்கம், இடப்பக்கம் ஒரு வணக்கம். அப்போதுதான் பார்வையாளர்களுக்கு உறைக்கும்: ரோஸ் கேட்கும் கைதட்டல் அவளுடைய தலைக்குள் இருக்கிறது. நாம் தட்டியது லான்ஸ்பரிக்கு, அவர் வணங்கியது ரோஸாக. தன்னுடைய வெற்றியையே கதாபாத்திரத்தின் தோல்வியாக மாற்றிவிடுகிறார். கைதட்டலுக்கு ஏங்கும் நடிகையால் இதைச் செய்ய முடியாது என்று நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போன தாய் இந்த வேடத்தை நடித்தார் என்பதும் என் நினைவை விட்டுப் போவதில்லை. மூன்றாவது டோனி இதற்கு.

1975இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆல்பர்ட் ஃபின்னியின் ஹாம்லெட்டுக்கு அம்மாவாக, கெர்ட்ரூடாக நடித்தார். அந்தக் காலத்தில்தான் மொய்னா இறந்தார்.

1979 மார்ச் 1. ‘ஸ்வீனி டாட்’. மறுபடி சாண்ட்ஹைம், இயக்கம் ஹால் பிரின்ஸ், நாயகனாக லென் கரியூ. ஒரு பழைய இரும்பு வார்ப்புப் பட்டறையின் உத்தரங்களையும் பலகைகளையும் கொண்டுவந்து மேடை அமைத்திருந்தார்கள். பழிவாங்க வந்த நாவிதன் கழுத்தறுக்கிறான். கீழ்த்தளத்தில் பேஸ்ட்ரிக் கடை வைத்திருக்கும் திருமதி லவெட், அந்த உடல்களை வீணாக்குவானேன் என்று இறைச்சிப் பலகாரமாக்கி விற்கிறாள். கேட்டாலே குமட்டுகிறது. ஆனால் லான்ஸ்பரி அறிமுகமாகும் பாட்டைப் பாருங்கள். நெடுநாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் நுழைகிறார். அவள் மாவு பிசைகிறாள், உருட்டுக்கட்டையால் தட்டுகிறாள், மேலே ஊரும் பூச்சியை அடிக்கிறாள், பலகாரத்தின் மேல் படிந்த தூசியை ஊதுகிறாள், இடையில் லண்டனிலேயே மோசமான பலகாரம் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறாள். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு ஊதலும் பாட்டின் ஒரு குறிப்பிட்ட அசையில் விழ வேண்டும். மூச்சு வாங்க இடமே கிடையாது. ஒரு தட்டுத் தவறினால் பாட்டே சரிந்துவிடும்.

அந்த ஒரு பாட்டுக்குள் ஓர் ஏழைக் கடைக்காரியின் முழு வாழ்க்கையும் வந்துவிடுகிறது. கறி விலை ஏறிவிட்டது, வியாபாரம் இல்லை, தனியாக இருக்கிறாள், யாராவது வந்தால் பேச்சை நிறுத்த மாட்டாள். அவளைப் பார்த்துச் சிரித்து, பரிதாபப்பட்டு, பிடித்துப்போன பிறகுதான் அவள் அந்தக் கொடூரமான யோசனையைச் சொல்கிறாள். அப்போதும் நமக்கு அவளைப் பிடித்தே இருக்கிறது. அதுதான் பயம். பாப்லர் தெருக்களை அறிந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் கடைக்காரியின் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. இதை வாரத்துக்கு எட்டுக் காட்சி செய்தார். நான்காவது டோனி.

இப்படி மேடையின் உச்சியில் இருந்தவர், 1984இல், 58 வயதில், தொலைக்காட்சித் தொடருக்குப் போனார். அந்தக் காலத்தில் அது படியிறக்கமாகவே பார்க்கப்பட்டது. அவர் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

‘மர்டர், ஷி ரோட்’ 1984 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. பீட்டர் ஃபிஷர், ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் மூவரும் உருவாக்கியது. ஜெசிக்கா ஃப்ளெட்சர், மெய்ன் மாநிலத்தின் கேபட் கோவ் என்ற கடலோரக் கற்பனை ஊரில் வாழும் கணவனை இழந்த பெண், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பொழுதுபோக்காக எழுதிய துப்பறியும் நாவலை, அவருக்குத் தெரியாமல் உறவுப் பையன் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட, அவர் புகழ்பெற்ற எழுத்தாளராகிறார். போகும் இடமெல்லாம் ஒரு கொலை, கண்டுபிடிப்பது ஜெசிக்கா. பன்னிரண்டு பருவங்கள், 264 அத்தியாயங்கள், அதற்குப் பிறகு நான்கு தொலைக்காட்சிப் படங்கள்.

துப்பறியும் கதையாக மட்டும் மதிப்பிட்டால் இந்தத் தொடர் சாதாரணம்தான். பல அத்தியாயங்களில் கொலையாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். கட்டமைப்பும் ஒன்றேதான். ஆனால் நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் அறுபது வயதுப் பெண் ஒருத்தி அறைக்குள் வந்ததும் அங்கே இருக்கும் மற்றவர்களின் அறிவு ஒரு படி இறங்கி நிற்பதைப் பார்ப்பதுதான். அவர் யாருடைய அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை, யாரையும் சார்ந்தவரும் இல்லை. சொந்த உழைப்பில் சம்பாதிக்கிறார், மிதிவண்டி ஓட்டுகிறார், ஊர் ஊராகப் போகிறார், போலீஸ்காரர்களைத் திருத்துகிறார். ஜெசிக்காவைக் கோமாளித்தனமான கிழவியாகக் காட்டக் கூடாது என்று லான்ஸ்பரி உறுதியாக இருந்தார். ஜெசிக்காவுக்கு ஒரு காதலனைக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் மறுத்தார். தனியாக வாழும் பெண்ணின் வாழ்க்கை முழுமையானதாக இருக்கலாம் என்பதைக் காட்ட விரும்பினார். இருபது வயதிலிருந்து அடுத்தவர் வயதை நடித்துக்கொண்டிருந்தவருக்கு, தன் வயதிலேயே இருக்கும் வேடம் அறுபதில்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

வேலை கடுமையானது. ஒரு பருவத்துக்கு இருபதுக்கும் மேல் அத்தியாயங்கள், கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் அவர், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும். ஒருகட்டத்தில் இதற்கு மேல் முடியாது என்றார். வேலை நேரம் குறைந்தது. சில அத்தியாயங்களில் ஜெசிக்கா தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வருவார். 1992 முதல் அவரே நிர்வாகத் தயாரிப்பாளர். கணவர், கணவருக்கு முதல் மணத்தில் பிறந்த மகன், தம்பி புரூஸ், இயக்குநராகிவிட்ட மகன் என்று குடும்பமே தொடரில் வேலை செய்தது. போதையிலிருந்து மீண்ட அந்த மகன் அறுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை இயக்கினார்.

அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்த இடம் இதுதான். அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால், ஆண்டுக்கு இவ்வளவு என்று சங்கம் வகுத்த வருமானத்தை நடிப்பில் சம்பாதித்திருக்க வேண்டும். வயதான பிறகு வாய்ப்பு வராது. வாய்ப்பு இல்லையென்றால் காப்பீடு போய்விடும். காப்பீடு தேவைப்படும் வயதும் அதுதான். லான்ஸ்பரி தன் தொடரில் பழைய ஹாலிவுட் முகங்களைத் தேடித் தேடி அழைத்தார். 1930களிலும் 1940களிலும் பெரிய திரையில் இருந்து பின்பு மறக்கப்பட்டவர்கள் பலர். இரண்டு நாள் வேலை, நான்கு வரி வசனம், ஆனால் அது சங்கக் கணக்கில் ஏறும். மேட்லின் ரூ என்ற நடிகைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். சக்கர நாற்காலியில் இருந்தவருக்கு வருமானம் குறைந்து காப்பீடு பறிபோகும் நிலை. லான்ஸ்பரிக்கு இது தெரிந்ததும் கேபட் கோவ் ஊருக்கு ஒரு நூலகர் வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் நூலகர். ரூ அந்த வேடத்தில் மீண்டும் மீண்டும் வந்தார்.

ஏழைகளின் சுமையை எல்லோரும் பகிர வேண்டும் என்று சிறைக்குப் போன ஜார்ஜ் லான்ஸ்பரியின் பேத்தி வேறென்ன செய்வார்? தாத்தாவைப்போல் அவர் அரசியலில் இறங்கவில்லை. கையில் ஒரு தொடர் இருந்தது, அதில் வேலை கொடுக்கும் அதிகாரம் இருந்தது, கொடுத்தார்.

இந்தத் தொடருக்காகப் பன்னிரண்டு ஆண்டும் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை. ஒரு முறைகூட விருது இல்லை. மற்ற வேலைகளையும் சேர்த்து மொத்த எம்மி பரிந்துரைகள் 18. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அமெரிக்கக் குடும்பங்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்த தொடரை, 1995இல் நிறுவனம் வியாழக்கிழமைக்கு மாற்றியது. அதே நேரத்தில் போட்டிக்கு ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடர். விளம்பரதாரர்களுக்கு இளம் பார்வையாளர்கள் வேண்டும். ஜெசிக்காவின் ரசிகர்கள் வயதானவர்கள். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது, தொடர் முடிந்தது. 1996 மே 19 அன்று வந்த கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு ‘டெத் பை டெமோகிராஃபிக்ஸ்’. வயதுக் கணக்கால் நேர்ந்த சாவு. தலைப்பிலேயே அவர்கள் தங்கள் வருத்தத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

நடுவே, 1991இல், ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் தேநீர்க் கெண்டியாகப் பேசிப் பாடியது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைப்புப் பாட்டைப் பதிவுசெய்ய வந்த நாளில் அவருடைய விமானம் வெடிகுண்டு மிரட்டலால் தாமதமானது. நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து ஒரே முறை பாடினார், அதுதான் படத்தில் இருக்கிறது. உணர்ச்சி, ஊக்கம் என்றெல்லாம் காத்திருக்கும் ரகம் இல்லை. வந்தார், பாடினார்.

2003இல் பீட்டர் ஷா இறந்தார். 53 ஆண்டு மண வாழ்க்கை. இனி போதும் என்று அவர் ஓரளவு ஒதுங்கியிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார். 2007இல் பிராட்வேக்கு. 2009இல் ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகத்தில் ஆவியோடு பேசும் மேடம் ஆர்காட்டி. 83 வயதில் ஐந்தாவது டோனி. நோயல் கவர்டின் நாடகம் அது. அடுத்து சாண்ட்ஹைமின் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’. 2013இல் கௌரவ ஆஸ்கர். 2014இல் பிரிட்டனின் டேம் பட்டம். அதே ஆண்டு ஆர்காட்டியாக லண்டன் மேடையில். அதற்கு லண்டன் நாடகங்களுக்கான ஆலிவியர் விருது கிடைத்தபோது 89 வயது. அந்த வயதில் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால் என்னவென்று நாடகத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2022 ஜூனில் டோனி அமைப்பு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அவர் வரமுடியவில்லை, ‘ஸ்வீனி டாட்’ கூட்டாளி லென் கரியூ மேடையேறி அவரைப் பற்றிப் பேசினார். அக்டோபர் 11 அன்று, 97ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால், ஜெசிக்காவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ‘ஸ்வீனி டாட்’டின் 1982இல் ஒளிபரப்பான பதிவைத் தேடுங்கள். நாடகக் குழு ஊர் ஊராகப் போனபோது தொலைக்காட்சிக்காகப் பதிவுசெய்தது. நாவிதனாக ஜார்ஜ் ஹெர்ன் நடித்திருப்பார். அதற்கு அடுத்து ‘கேஸ்லைட்’. பதினெட்டு வயதுப் பெண்ணையும் ஐம்பதைத் தாண்டிய பெண்ணையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.